சூடேறிய ஆயில் என்ஜின்: ஹெட்டைக் கடைசல் பிடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் வாய்க்கால் தண்ணீர் குறையும்போது சம்பா நெல்லைக் காப்பாற்றுவது பல இடங்களில் ஆயில் என்ஜின்தான். கதிர் வரும் தருணத்தில் அது நின்றுவிட்டால் மகசூல் பாதிக்கப்படும். அதிகச் சூட்டினால் சிலிண்டர் ஹெட் வளைவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

குளிர்விக்கும் தண்ணீர் நின்றால் வால்வுகளைச் சுற்றியுள்ள பாகம் மிகுதியாக விரிகிறது. ஸ்டட்கள் இறுகப் பிடித்திருப்பதால் ஹெட்டின் அடிமுகம் வளைகிறது. கேஸ்கட் சரியாகப் பதியாமல் அழுத்தம் கசிகிறது. ஸ்டார்ட் ஆவதில் சிரமம், குளிர்விக்கும் தண்ணீரில் குமிழிகள், பால்போல் வெளுத்த ஆயில் ஆகியவை இதன் அறிகுறிகள்.

சூடான என்ஜின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடும். என்ஜினை நிறுத்தி, தானாக ஆறவிட்ட பிறகே ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

பட்டறையில் முதலில் விரிசல் உள்ளதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அடிமுகத்தைச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புத் தூள் தூவினால் விரிசல் ஈரக் கோடாகத் தெரியும். வால்வு சீட்டுகளுக்கு இடையில் விரிசல் இருந்தால் கடைசல் பிடிப்பது வீண் செலவு.

விரிசல் இல்லையெனில், நேர்கோலை நீளம், அகலம், இரு மூலைவிட்டங்கள் ஆகியவற்றில் வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். என்ஜின் கையேட்டில் கொடுத்துள்ள அளவுக்கு மேல் இருந்தால் மட்டுமே கடைசல் தேவை. சிமெண்டுத் தரையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முகம் மேலும் கோணலாகும். சர்ஃபேஸ் கிரைண்டிங் மெஷினில், வளைவு நீங்கும் அளவுக்கு மட்டும் மிகக் குறைவாக எடுக்க வேண்டும். அதிகம் எடுத்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். நாசில் முனையும் கீழே இறங்கிவிடும். ஆகவே வால்வு ஆழத்தையும் நாசில் நீட்சியையும் மறுபடி அளப்பது அவசியம். பிளாக்கின் மேல்முகத்தையும் அவ்வாறே சோதிக்க வேண்டும்.

பழைய கேஸ்கட்டை மீண்டும் போடக் கூடாது. நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றுகளில் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்க வேண்டும். பிறகு டாப்பெட் இடைவெளியைச் சரி செய்ய வேண்டும்.

சூடேறிய காரணத்தை நீக்காவிட்டால் இந்தச் செலவு மறுபடியும் வரும். சேறும் உப்புப் படிவும் அடைத்த குளிர்விப்புக் குழாயைச் சுத்தம் செய்வதும், கசியும் ஃபுட் வால்வை மாற்றுவதும் அதிகச் செலவில்லாத வேலைகள். ஒவ்வொரு கடைசலிலும் ஹெட் மெலிகிறது என்பதை விவசாயிகள் மறக்கலாகாது.