பழைய மண் தோண்டும் சிறு யந்திரம்: ஹைட்ராலிக் கோளாறுகளைக் கண்டறியும் முறை

காஞ்சிபுரம் ஜில்லாவில் நஞ்சை சாகுபடி பெரும்பாலும் ஏரிகளை நம்பியே நடைபெற்று வருகிறது. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை அடுத்துள்ள தாமல் ஏரி, இந்த ஜில்லாவின் பெரிய ஏரிகளில் ஒன்றாகும். ஏரியைத் தூர் வாருவதும் கால்வாய்களைச் செப்பனிடுவதும் இப்பகுதிக் குடிகளுக்குப் புதிய காரியங்கள் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள், ஊர்ச் சபையின் கீழ் ஏரி வாரியம் ஒன்று இயங்கி வந்ததைத் தெரிவிக்கின்றன. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் குடிமராமத்து வேலைகள் மீண்டும் தொடங்கப்பட்டன. முற்காலத்தில் கூடையும் மண்வெட்டியும் செய்துவந்த வேலையை இப்பொழுது யந்திரங்கள் செய்கின்றன.

பெரிய யந்திரங்கள் ஏரிக்கு உகந்தவை. ஆனால் வயல் வரப்பு ஓரத்திலும், தென்னந்தோப்பின் இடைவெளியிலும், குறுகிய வாய்க்காலிலும் அவை நுழையமாட்டா. அவ்விடங்களுக்கு, 2 முதல் 4 டன் வரை எடையுள்ள சிறு யந்திரமே ஏற்றது. ஜப்பான் தேசத்து தகேயுச்சி கம்பெனி 1971இல் வெளியிட்ட யந்திரம் இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்றாகும். புது யந்திரத்தின் விலை பல லக்ஷம் ஆகின்றபடியால், குடியானவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பழைய யந்திரம் ஒன்றை வாங்க முற்படுவதுண்டு. அங்ஙனம் வாங்கும்பொழுது பெயிண்டையும் எஞ்சினையும் மட்டும் பார்த்துவிட்டு, ஹைட்ராலிக் பாகங்களைச் சோதியாமல் விடுவது பெருந்தவறு. எஞ்சின் பழுதை எந்த ஊரிலும் சரி செய்யலாம். தேய்ந்துபோன பம்பை மாற்றுவதற்கோ யந்திரத்தின் விலையில் கணிசமான பாகம் செலவாகிவிடும். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடியாவிட்டால், அந்த வருஷத்து வருமானம் போய், கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு சாஸ்திரி 17ஆம் நூற்றாண்டில் நிரூபித்த உண்மை. 1795இல் பிராமா என்னும் ஆங்கிலேயர் இதைக்கொண்டு அழுத்த யந்திரம் ஒன்றை அமைத்து உரிமை பெற்றார். மண் தோண்டும் யந்திரத்தின் பலமும் இதே தத்துவத்தில் அடங்கியிருக்கிறது.

ஏரிப்பாசனம் தெரிந்த குடியானவருக்கு இதன் அமைப்பை விளங்கிக்கொள்வது எளிது. எண்ணெய்த் தொட்டி ஏரிக்கு ஒப்பானது. எஞ்சினால் சுழலும் பம்பு அந்த எண்ணெயை உறிஞ்சித் தள்ளுகிறது. கைப்பிடியை அசைத்ததும் திறக்கும் வால்வுகள் மதகுகளை ஒக்கும். ஹோஸ்கள் வாய்க்கால்கள், சிலிண்டர்களும் மோட்டார்களும் பாசனம் பெறும் வயல்கள். நீர் மட்டம் மீறினால் கலங்கல் வழியாக வழிந்து கரையைக் காப்பதுபோல், அழுத்தம் அளவு கடந்தால் ரிலீப் வால்வு திறந்து எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடுகிறது. இச்சிறு யந்திரங்களில் பிரதான அழுத்தம் சாதாரணமாகச் சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு 200 முதல் 250 கிலோ வரை இருக்கும்.

முதலில் எண்ணெயைப் பார்த்தல்

யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, தயாரித்தவர்களின் புஸ்தகத்தில் கூறியுள்ள நிலையில் கைகளை வைத்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவேண்டும். மட்டம் குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அறியலாம். கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் மிதமிஞ்சிச் சூடேறியிருக்கிறது. நுரை கண்டால் உறிஞ்சும் பக்கத்து ஹோஸிலோ அதன் கிளிப்பிலோ காற்று புகுகிறது. அப்பொழுது பம்பும் கீச்சென்று ஊளையிடும்.

திரும்பும் எண்ணெயை வடிகட்டும் பில்டரைக் கழற்றி அறுத்துப் பார்ப்பது மிகவும் பிரயோஜனமானது. அதில் பித்தளை நிறத் துகள்கள் மின்னினால் பம்போ மோட்டாரோ உள்ளே தேய்ந்து வருகிறது. காந்தத்தில் ஒட்டும் துகள்கள் இரும்புப் பாகங்களின் தேய்மானத்தைக் காட்டும். ரப்பர்த் துணுக்குகள் சீல் கெட்டதற்கும் ஹோஸின் உட்புறம் உரிந்ததற்கும் அறிகுறி. விற்பவர் பில்டரைத் திறக்க இசையாவிட்டால், அந்தப் பேரத்தில் விசேஷ ஜாக்கிரதை அவசியம்.

எல்லாம் தளர்ந்ததா, ஒன்று மட்டும் தளர்ந்ததா?

ஆயக்கட்டு முழுவதற்கும் தண்ணீர் பாயாவிட்டால் ஏரியையும் மதகையும் பார்க்கிறோம். ஒரு வயல் மட்டும் காய்ந்தால் அதன் கால்வாயைப் பார்க்கிறோம். யந்திரத்திலும் இம்முறையே பின்பற்றத்தக்கது.

பூம், ஆர்ம், பக்கெட், செயின், சுழற்சி ஆகிய எல்லாமே ஒருங்கே தளர்ந்திருந்தால், குறை பொதுவான இடத்தில் இருக்கிறது. எண்ணெய் மட்டம், அடைபட்ட உறிஞ்சு சல்லடை, பைலட் அழுத்தம், பிரதான ரிலீப் வால்வு, பம்பு என்ற வரிசையில் சோதித்தல் வேண்டும். கைப்பிடிகள் எதுவுமே வேலை செய்யாவிடில், பம்பைச் சந்தேகிக்குமுன், பாதுகாப்பு லீவர், ப்யூஸ், அதைச் சேர்ந்த சொலினாய்டு வால்வு ஆகியவற்றைப் பார்க்கவும். சில ரூபாயில் தீரும் ப்யூஸ் கோளாறுக்காகப் பம்பைக் கழற்றுவது வீண் செலவாகும்.

ஒரு வேலை மட்டும் தளர்ந்திருந்தால், அதற்குரிய வால்வு, ஹோஸ், சிலிண்டர் ஆகிய மூன்றினுள் குறை இருக்கும். சில வேலைகள் மட்டும் சேர்ந்து தளர்ந்தால், அவை யாவும் ஒரே பம்பிலிருந்து எண்ணெய் பெறுகின்றனவா என்று புஸ்தகத்தில் பார்க்கவேண்டும். பல யந்திரங்களில் சுழற்சிக்கும் முன் பிளேடுக்கும் தனியாக ஒரு கியர் பம்பு உண்டு. அவ்விரண்டு மட்டும் தளர்ந்தால் அந்தப் பம்பையே முதலில் சோதிப்பது முறை.

எஞ்சின் ஓசை

சிலிண்டரை அதன் எல்லைவரை நீட்டிச் சிறிது நேரம் பிடித்தால் எஞ்சின் ஓசை கனத்து, ரிலீப் வால்வு சீறும். இது இயல்பே. எஞ்சின் ஓசை சற்றும் மாறாமல் யந்திரம் பலமற்று நின்றால், எண்ணெய் எங்கோ உள்ளுக்குள்ளேயே வழிந்துவிடுகிறது. மாறாக, எஞ்சின் திணறிக் கறும்புகை கக்கி நின்றுவிடுமானால், முதலில் டீசல் பில்டரையும் காற்று பில்டரையும் கவனித்தல் நலம்.

சூடேறிய பின்பே சோதனை

காலையில் யானை பலத்துடன் தோண்டிய யந்திரம் நண்பகலில் சோர்ந்துவிடுமானால், அது உள்தேய்மானத்தின் தெளிவான அடையாளம். ஓட்டை விழுந்த கவலைச் சாலை எருதுகள் எவ்வளவு வேகமாக இழுத்தாலும், மேலே வந்து சேரும் தண்ணீர் குறைவே. அதுபோலச் சூட்டினால் இளகிய எண்ணெய், தேய்ந்த இடுக்குகளின் வழியே திரும்பி ஓடிவிடுகிறது. ஆகையால் ஐந்து நிமிஷ ஓட்டத்தைக் கண்டு திருப்தியடையாமல், ஒரு மணி நேரமாவது கடின மண்ணில் தோண்டச் செய்து பார்க்கவேண்டும். அடர்த்தி மிக்க எண்ணெயை ஊற்றித் தேய்மானத்தைச் சில நாள் மறைத்து வைக்கவும் கூடும். ஆதலால் என்ன எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கிறது என்று கேட்டறிதல் அவசியம்.

இறக்கமும் இழுப்பும்

பக்கெட்டில் மண்ணை நிரப்பிப் பூமை உயர்த்தி, எஞ்சினை நிறுத்தி, சிலிண்டர் தண்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பார்க்கவும். அச்சமயம் பூமுக்குக் கீழே ஒருவரும் நிற்கலாகாது. சிறிது இறங்குதல் பழைய யந்திரத்தில் இயல்பே. கண்ணெதிரே இறங்கிக்கொண்டே வந்தால், பிஸ்டன் சீலோ வால்வோ கசிகிறது. சீல் கிட் மாற்றுவது சிறு செலவு. வால்வு தேய்ந்திருப்பின் செலவு மிகும். ஆகையால் இரண்டினுள் எது என்று தெரிந்த பின்பே விலை பேசவேண்டும்.

நேராக ஓட்டும்பொழுது யந்திரம் ஒரு பக்கம் இழுத்தால், முதலில் இரு செயின்களின் இறுக்கத்தையும் ஒப்பிடவும். அது சரியாக இருப்பின், அழுத்தத்தை முற்றும் நீக்கிய பிறகு, மெக்கானிக்கைக் கொண்டு சுழல் இணைப்புக்கு மேற்புறத்தில் இரு செயின்களின் ஹோஸ்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி இணைக்கச் செய்யலாம். தளர்ச்சி மற்றப் பக்கத்துக்கு மாறினால், குறை வால்விலோ பம்பிலோ உள்ளது. முன்பிருந்த பக்கத்திலேயே நின்றால், செயின் மோட்டாரிலோ சுழல் இணைப்பிலோ உள்ளது. எந்தப் பாகத்தையும் பிரிக்காமலேயே குறை இருக்கும் இடம் இவ்விதம் பாதியாகக் குறுகிவிடுகிறது.

செய்யத் தகாதவை

பலம் குறைந்தது என்பதற்காக ரிலீப் வால்வின் திருகை இறுக்குவது, நீர் மட்டம் உயரட்டும் என்று கலங்கலை மண்ணால் அடைப்பதற்குச் சமானம். அங்கே கரை உடைவதுபோல் இங்கே ஹோஸ் வெடிக்கும். தகுந்த பிரஷர் கேஜை மாட்டி, புஸ்தகத்தில் உள்ள அளவுடன் ஒப்பிட்ட பின்னரே, தேர்ந்த மெக்கானிக் அதைத் தொடவேண்டும்.

கசிவைக் கையால் தடவிப் பார்த்தல் கூடவே கூடாது. ஊசித் துவாரத்திலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்சென்றுவிடும். காயம் சிறு புள்ளியாகவே தோன்றினும், தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டியே கசிவைக் கண்டுபிடிக்கவேண்டும். எண்ணெய் உட்புகுந்துவிட்டால், வலி இல்லாவிடினும், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்று, அழுத்த எண்ணெய் பாய்ந்த காயம் என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். ஹோஸைக் கழற்றுமுன் பக்கெட்டையும் பிளேடையும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, கைப்பிடிகளைப் பல தடவை அசைத்து அழுத்தத்தைப் போக்குதல் கட்டாயம்.

வாங்கிய பின் பராமரிப்பு

ஏரி வண்டல் தண்டுகளில் காய்ந்து ஒட்டினால், அடுத்த அசைவில் சீலை அறுத்துவிடும். ஆகையால் மாலைதோறும் தண்டுகளைத் துடைத்து விடவும். எண்ணெயைக் குளிரச் செய்யும் ரேடியேட்டரில் படிந்த தூசியை நீக்கவும். எண்ணெயின் வெப்பம் 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் நீடித்தால் சீல்கள் கெட்டுப்போகும். எண்ணெயும் சீக்கிரம் பழுதாகும். வாங்கியவுடன் பில்டரையும் எண்ணெயையும் மாற்றித் தேதியைக் குறித்து வைத்தல் சிலாக்கியமானது.

இச்சோதனைகளுக்கு வேண்டியவை ஒரு சுண்ணக்கட்டி, ஒரு காந்தம், ஒரு கேஜ், அரைநாள் பொறுமை ஆகியவையே. இவற்றில் தேறாத யந்திரத்தை விலை மலிவு என்று வாங்குதல் தகாது. நல்ல யந்திரம் அகப்படாத வருஷத்தில், வேளாண்மைப் பொறியியல் துறையார் வாடகைக்கு விடும் யந்திரங்களைக் கொண்டு வேலையை முடித்துக்கொள்வது கடன்படுவதைவிட மேலானது. தாமல் முதலிய ஏரிகளின் கீழுள்ள குடியானவர்கள் சித்திரை, வைகாசி மாதங்களிலேயே இச்சோதனையை நடத்தி முடிவு செய்துகொண்டால், மழைக்கு முன் வேலைக்கு வேண்டிய அவகாசம் கிடைக்கும்.