கூடாரம் அடிக்க ஏற்ற இடம் எது?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு வெளியூரார் வந்து நாள்கணக்கில் தங்குவதற்குக் காரணங்கள் பல உள்ளன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. காரை ஊரைச் சுற்றியுள்ள வறண்ட ஓடைகளில் பழங்காலக் கடலுயிர்களின் புதைபடிவங்கள் காணப்படுகின்றன. நாட்டின் பல கல்லூரிகளிலிருந்தும் நிலவியல் மாணவர்கள் இங்கு வருகின்றனர். பனிக்காலத்தில் கரைவெட்டி ஏரிக்குப் பறவை காண்போர் வருவர். கிராமங்களில் ஒரு வாரம் முகாமிடும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும், சாரணர்களும் உண்டு. அண்மைக் காலமாகக் கேரவன் எனப்படும் வீட்டு வண்டிகளில் ஊர் சுற்றுவோரும் இவர்களுடன் சேர்ந்துள்ளனர்.

மேலைநாடுகளில் கூடாரத்திற்கும் வீட்டு வண்டிக்கும் எனச் சமன் செய்த திடல்கள், குடிநீர்க் குழாய், கழிப்பிடம், மின்னிணைப்பு ஆகியவற்றுடன் வாடகைக்குக் கிடைக்கின்றன. நம் சிற்றூர்ப் பகுதிகளில் பெரும்பாலும் இடத்தை நாமே தேர்ந்துகொள்ள வேண்டியுள்ளது. எனவே தரையைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்லும் அறிவு நமக்கு வேண்டும். அதிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மழை பெய்தால் இந்த இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும்? நிழல், காட்சி, காற்று எல்லாம் இதற்குப் பின்னரே.

காரணம் இல்லாமல் இப்படிச் சொல்லவில்லை. பச்சைமலையில் தோன்றிக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். அந்த ஆறுதான் 1956 நவம்பர் 23 அன்று விடியுமுன் பெருக்கெடுத்து, அரியலூருக்கு அருகே இரயில் பாதையை நிலைகுலையச் செய்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இரும்புப் பாதையையே அசைத்த ஓர் ஆறு, நான்கு முளைகளில் கட்டிய துணியை என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,050 சதுர மீட்டர். அதன்மேல் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 4 இலட்சம் லிட்டருக்குச் சற்று மேல். ஐப்பசி, கார்த்திகையில் ஓர் இரவில் இவ்வளவு மழை பெய்வது அரிதன்று. உங்கள் கூடாரத்திற்கு மேட்டுப்புறமாக ஐந்து ஏக்கர் சரிவு இருந்து, விழுந்த நீரில் பாதி நிலத்தில் ஊறிப் போனாலும், மீதி 10 இலட்சம் லிட்டர் நீர் கீழ்நோக்கி வரும். கூடாரத்தின்மேல் நேராக விழும் மழையோ சில நூறு லிட்டர்தான். ஆகவே, கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதைவிட மேட்டுப்புறம் எவ்வளவு பரந்தது என்று பார்ப்பதே அறிவு.

பழைய வெள்ளம் தன் தடத்தை விட்டுச் செல்லும். ஓடைக்கரைக் கருவேல முட்களில் வைக்கோலும் சருகும் சிக்கியிருக்கும் உயரத்தைக் கவனியுங்கள். நீர் அந்த மட்டம்வரை வந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. தரையில் சருகுகள் ஒரே கோடாக ஒதுங்கியிருந்தாலும் அது வெள்ளத்தின் விளிம்பே. நிலத்தின் பெயரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 'பள்ளம்', 'ஓடை', 'தாங்கல்' என்று முடியும் பெயர்களும், 'மேடு', 'திட்டு' என்று முடியும் பெயர்களும் வீணாக ஏற்பட்டவை அல்ல. அறுவடையான வயல்களில் கிடை போடும் ஆட்டுக்காரர்களைக் கேட்பது எல்லாவற்றிலும் சிறந்தது. சேற்றில் நின்றால் ஆடுகளின் குளம்பு அழுகும்; ஆகையால் நீர் வடியும் தரை எது என்பதில் அவர்கள் தவறுவது குறைவு.

கொள்ளிடக் கரைக்கு வேறொரு எச்சரிக்கை வேண்டும். திருமானூர்ப் பக்கத்து மணற்பரப்பு கூடாரத்திற்கென்றே விரித்து வைத்தது போலிருக்கும். வானம் தெளிவாக இருக்கும். ஆனால் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை, மேட்டூர் அணை நிரம்பியபின் சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். முக்கொம்பில் உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவதே வழக்கம். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில்தான் முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில உடைந்து போயின. உள்ளூரில் ஒரு துளி மழையின்றி ஆறு பெருகும் என்பதால் ஆற்று மணலில் இரவு தங்குவது எந்த மாதத்திலும் கூடாது.

மூன்று வகைத் தரை

இவ்விரு மாவட்டங்களின் நிலம் ஒரே தன்மையுடையதன்று. மேற்கே பச்சைமலையைச் சார்ந்த பகுதி மிகப் பழமையான கடினப் பாறை. நடுவே, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த பகுதி. எச்.எஃப். பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலார் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனத் தொகுதிகளாகப் பிரித்தார். களி, சுண்ணாம்புக்கல், மணற்கல் ஆகியவை இங்கு அடுக்கடுக்காக உள்ளன. கிழக்கே ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விளையும் செம்மணற்பாங்கு.

கூடாரத்திற்கு மூன்றாவது வகையே முதல்தரம். நீர் விரைவில் உள்ளிறங்கும். முளையும் எளிதில் இறங்கும். மணலில் முளை பிடிக்காது என்பார்கள். நீளமான முளையைச் சாய்வாக அடித்து, அதன்மேல் ஒரு மண்மூட்டையை வைத்தால் போதும். கடினப் பாறைப் பகுதியில் மண் மெல்லிய போர்வையாக இருப்பதால் முளை இறங்காது. அங்கே கயிறுகளைக் கற்களில் கட்ட வேண்டும்.

தொல்லை தருவது நடுப்பகுதியின் களிமண்ணும், அதன்மேல் உருவான கரிசலுமே. கரிசலில் மாண்ட்மாரில்லோனைட் வகைக் களிமங்கள் மிகுதி. இவற்றின் துகள் ஒவ்வொன்றும் தாள்களை அடுக்கியது போன்ற அமைப்புடையது. அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை விலக்குவதால் மண் உப்புகிறது. காயும்போது சுருங்கி, கை நுழையுமளவு வெடிக்கிறது. கோடையில் கல்போல் இறுகிய அதே தரை, இரண்டு மணி நேர மழைக்குப்பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. வாரிநிலமாக அரித்துக் கிடக்கும் காரை ஓடைகளில் இதை நன்கு காணலாம்.

தரை களியா, மணலா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டா. ஒரு பிடி மண்ணை நீர்விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். ஓர் அங்குலம் நீள்வதற்குள் அறுந்தால் மணற்பாங்கு. இரண்டு அங்குலத்திற்கு மேல் அறாமல் தொங்கினால் நல்ல களி. பிறகு ஓரடி ஆழக் குழி தோண்டி, ஒருமுறை நீர் ஊற்றி ஊறவிட்டு, மீண்டும் நிரப்புங்கள். அரை மணியில் நீர் பெரும்பாலும் வடிந்துவிட்டால் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. நீர்மட்டம் அசையாமல் நின்றால் வேறிடம் பார்ப்பது நல்லது.

வண்டியுடன் வருவோருக்கு இன்னொரு சோதனை. சக்கரம் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் அடைத்த காற்றின் அழுத்தத்திற்குச் சமம். சிறு கார்களில் அது சதுர செ.மீ.க்கு 2 கிலோகிராம் அளவு. கனத்த வேன்களில் 4 வரை போகும். இரு கால்களிலும் நிற்கும் மனிதன் தரும் அழுத்தமோ 0.2 அளவே. ஆகவே, நாம் நடந்துபோகத் தாங்கும் தரை வண்டியைத் தாங்கும் என்று எண்ணுவது பிழை. ஆனால் 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒற்றைக் குதிகாலில் மட்டும் நின்றால், 25 சதுர செ.மீ. பரப்பில் 2.4 கிலோகிராம் அழுத்தம் கிடைக்கிறது! மழைக்குப்பின் அப்படி நின்று பார்க்கலாம். குதிகால் ஒரு விரற்கடைக்கு மேல் புதைந்தால் சிறு காரையே அங்கு இறக்கக் கூடாது; கனத்த வேனைப் பற்றிப் பேசவே வேண்டா. அத்தகைய ஊர்களில் வண்டியைத் தார்ச்சாலையோரத்து மேட்டில் விட்டு நடந்து போவதே சிக்கனம். டிராக்டர் கட்டி இழுக்கும் செலவு மிச்சம்.

குடிநீர்

சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீராகவே இருக்கும். சோப்பு நுரைக்காதது இதன் அடையாளம். கால்சியம் பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மை கொதிக்க வைத்தால் நீங்கிவிடும். பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்காகப் படியும். ஆனால் காரைப் பகுதிக் களியில் ஜிப்சம் இழைகள் ஊடுருவியுள்ளன. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். இதனால் வந்த கடினத்தன்மை கொதிப்புக்கு அடங்காது. அந்நீரைத் துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்க ஊராட்சிக் குழாய் நீரைக் கேட்டுப் பெறலாம்.

கடினத்தன்மையைவிட அஞ்ச வேண்டியது நோய்க்கிருமி. கழிப்பிடம் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது விலகியிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. மணலில் கசியும் நீர் மெல்லச் செல்வதால் வடிகட்டப்படுகிறது. அங்கே இவ்விதி செல்லும். சுண்ணாம்புக்கல்லிலோ நீர் வெடிப்புகள் வழியே வடிகட்டப்படாமலே விரைந்தோடும். அங்கே தூரத்தை நம்ப முடியாது. எந்த நீரானாலும் நன்றாகக் குமிழியிட்டுக் கொதித்த பின்னரே குடிக்க வேண்டும்.

நீரைப் பற்றிப் பேசும்போது கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளைச் சொல்லாமல் விடமுடியாது. சிமெண்டு ஆலைகள் மிகுந்த அரியலூர் வட்டாரத்தில், பச்சை நிற நீர் நிரம்பிய குழிகள் ஏரிபோல் அழகாகத் தோன்றும். ஏரி கரையிலிருந்து படிப்படியாக ஆழமாகும். இக்குழிகளோ ஒரே அடியில் பல மீட்டர் இறங்கும். விளிம்பும் மழையில் சரியும். இவற்றின் ஓரத்தில் முகாமிடவே வேண்டா, குறிப்பாகச் சிறுவர்களுடன்.

இரவில் வரும் ஆபத்துகள்

தரையில் படுப்போரைத் தேடி வருவது போல் கடிப்பது கட்டுவிரியன். இரவில் இரை தேடும் இப்பாம்பின் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை. எறும்பு கடித்ததென்று எண்ணி உறங்கிவிடுவோரும் உண்டு. பின்னர் இமைகள் சரியும், பேச்சு குழறும், இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். வைக்கோல் போர், கற்குவியல், எலி வளை நிறைந்த வரப்பு ஆகியவற்றுக்கு அருகே கூடாரம் அடிக்கக் கூடாது. தரைத்துணி சேர்த்துத் தைத்த கூடாரமாக இருப்பதும், வாயிலை எப்போதும் மூடி வைப்பதும் உயிர்காக்கும். கடிபட்டவரை உடனே 108 ஊர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கட்டுப்போடுவதும் கீறுவதும் கேடு. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும் உள்ளன. முகாமிலிருந்து அவற்றுக்குச் செல்லும் பாதை மழையிலும் வண்டி ஓடக்கூடியதா என்று பகலிலேயே பார்த்துக்கொள்வது நன்று.

கோடை மழைக்காலத்தில் இடி, மின்னல் உண்டு. தனிப் பனையும் தனிப் புளியமரமும் பகலில் நல்ல நிழல். மேகம் கறுத்தால் அவையே எமன். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே எண்ணுங்கள். ஒலி மூன்று வினாடியில் ஒரு கிலோமீட்டர் செல்லும். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது கூடாரத்தை விட்டு உறுதியான கட்டிடத்திற்கோ, உலோக உடலுள்ள மூடிய வண்டிக்கோ போய்விட வேண்டும். இழைக்கண்ணாடியால் ஆன வண்டிக்கூடு இதற்கு உதவாது.

வீட்டு வண்டியில் உறங்குவோருக்கு வேறோர் அபாயம் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனில் இருவர் இறந்துகிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. மணமோ நிறமோ இல்லாத இவ்வாயு, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக இணைகிறது. உறக்கத்திலிருப்பவர் மூச்சுத் திணறலை உணர்வதுகூட இல்லை. எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உறங்கக் கூடாது. மூடிய கூடாரத்துக்குள் கரியடுப்பு வைப்பதும் இதே கேட்டைத் தரும்.

எப்போது வருவது? மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே ஏற்றவை. ஆறுகளும் தணிந்திருக்கும், கரைவெட்டியில் பறவைகளும் இருக்கும். அந்த ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம். 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறையின் அனுமதியின்றி அதன் எல்லைக்குள் தங்க முடியாது. பச்சைமலைக் காப்புக் காடுகளுக்கும் இதுவே முறை. பட்டா நிலமானால் உரியவரிடமும், புறம்போக்கானால் ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். புதைபடிவப் பகுதிகளில் மழைநீருக்கென்று கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். நீர் தானே வடியும் மேட்டைத் தேர்ந்தவருக்கு அது தேவைப்படாது. மண்வெட்டியில் சிக்கும் சிப்பியோ 10 கோடி ஆண்டுகள் அங்கேயே கிடந்தது.