கடற்சாமந்தியின் காயம்

பூவெனத் தோன்றினும் கடற்சாமந்தி ஒரு விலங்கே. டல்யெல் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1828 இல் கடற்கரையிற் கண்டெடுத்த ஒன்று, 1887 வரை கண்ணாடிச் சாடியில் வாழ்ந்தது. அதற்கு வாய்த்த பெரும் பேணல் அடிக்கடி மாற்றிய கடல்நீரே. இதனை மறந்தே, வீட்டுத் தொட்டியிற் காயமுற்றதற்கு மருந்து தேடுகின்றோம்.

கல்லினின்றும் பிடுங்குங்கால் அதன் அடித்தட்டுக் கிழிவதுண்டு. சிறு கிழிவு தானே ஆறும். சில இனங்களிற் பிரிந்த துணுக்கே புதிய உயிராய் வளர்தலுமுண்டு. மீனுக்கிடும் செம்பு மருந்தோ இதற்கு நஞ்சாகும். நீரின் உவர்ப்பை ஆயிரத்துக்கு 35 பங்களவில் நிலைநிறுத்துக. தளர்ந்த உயிர் மிதந்துசென்று சிக்காவண்ணம் பம்பியின் வாயை வலையால் மூடுக. உணர்கொம்புகள் விரிந்து ஒட்டுந்தன்மை மீளும்வரை இரை கொடாதொழிக. ஊட்டினால் நலமுறும் என்னும் நம் அன்னையரின் நம்பிக்கை இங்குப் பொருந்தாது. உடல் குழைந்து நாற்றமெழுமாயின் தாமதியாது அகற்றுக. அவ்வழுகல் தொட்டியிலுள்ள ஏனைய உயிர்களையும் மாய்க்கும்.