வீட்டில் நின்றுபோன மொழி
(அயர்லாந்து மக்களின் வரலாறு)

திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியைத் தம் ஊராகக் கொண்டு வாழ்ந்து, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட கால்டுவெல் பெருமகனாரைத் தமிழர் நன்கறிவர். அவர் பிறந்தது அயர்லாந்துத் தீவில் என்பதை அறிந்தோர் சிலரே. பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டவர், ஆண்டு 1814. நம் மொழியின் தொன்மையை உலகிற்கு விளக்கிய அவ்வறிஞர் 1891இல் மறைந்தார். அந்த எழுபத்தேழு ஆண்டுக் காலத்திலேதான் அவர் பிறந்த தீவின் தொன்மொழி மக்கள் நாவினின்றும் பெரிதும் நழுவிற்று. அஃது எவ்வாறு நேர்ந்தது? விடை காண, அம்மக்களின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்கள் அத்தீவில் குடியேறினர். பின்னர் உழவர் வந்தனர். பாயின் ஆற்றங்கரையில் நியூகிரேஞ்ச் என்னுமிடத்தில் அவ்வுழவர் வழியினர் எழுப்பிய கல்லறைக் குன்று கி.மு. 3200 அளவினது, எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முற்பட்டது. ஆண்டின் மிகக் குறுகிய பகற்பொழுதான மார்கழித் திங்களின் சில விடியல்களில் மட்டும், வாயிலின் மேலுள்ள சிறு திறப்பு வழியே கதிரொளி புகுந்து உள்ளறையைத் தொடுமாறு அதனை அமைத்துள்ளனர். இரும்புக் கருவியே அறியாத மக்களின் வானறிவு அத்தகையது! பண்டை எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட முடிவுகள், முதல் உழவருக்குப் பின் வெண்கலக் காலத்தில் வேறொரு மக்கட்கூட்டமும் வந்து கலந்ததைக் காட்டின. கலப்பற்ற தனிக்குருதி என்பது அங்கும் இல்லை. பல அலைகளாக வந்தோரை ஒரு மக்களாகப் பிணைத்தது மொழியே.

கெல்டிய இனத்தைச் சேர்ந்த அம்மொழியை ஐரிஷ் என்பர். உரோமப் பேரரசு அத்தீவை வென்றதில்லை. கல்லின் விளிம்பில் கோடுகளாகச் செதுக்கிய ஓகம் எழுத்தில் அம்மொழியின் மிகப் பழைய சொற்கள் இன்றும் நிற்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டில் பாட்ரிக் அடிகள் முதலியோர் கிறித்துவத்தைப் பரப்பியபின் மடங்கள் தோன்றின. துறவியர் இலத்தீனோடு தாய்மொழியிலும் எழுதினர். கொலம்பா அடிகள் 563இல் கடல் கடந்து அயோனாத் தீவில் நிறுவிய மடம் பெரும்புகழ் பெற்றது. 800ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட, வண்ண ஓவியங்கள் செறிந்த கெல்ஸ் நூல் டப்ளின் நகரின் டிரினிட்டிக் கல்லூரியில் போற்றிக் காக்கப்படுகின்றது.

795இல் வைக்கிங்குகள் கொள்ளையிட வந்தனர். 841இல் டப்ளினில் பாசறை அமைத்தனர். காலப்போக்கில் அந்நாட்டு மக்களோடு கலந்தனர். 1169இல் நார்மானியர் வாளேந்தி வந்தனர். அவர்தம் பேரர்கள் ஐரிஷ் பேசினர். ஐரிஷ் புலவர்களைப் புரந்தனர். இது கண்டு அஞ்சிய ஆங்கில ஆட்சி, 1366இல் கில்கென்னியில் சட்டம் இயற்றி, ஆங்கிலக் குடியினர் ஐரிஷ் பேசலாகாது என்று தடுத்தது. வென்றவரையும் வசப்படுத்திய மொழி அது!

அத்தகைய மொழி வீழ்ந்தது எங்ஙனம்? முதலில் நிலம் பறிபோயிற்று. 1607இல் வடபகுதித் தலைவர்கள் நாட்டை நீங்கினர். அவர்தம் நிலங்களில் பிரிட்டனிலிருந்து வந்தோர் குடியேற்றப்பட்டனர். குரோம்வெல்லின் படையெடுப்பிற்கும் அடுத்து வந்த போர்களுக்கும் பின், 1703 அளவில் கத்தோலிக்கர் கையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டு நிலமே எஞ்சிற்று. புலவரைப் புரந்த குடும்பங்கள் அழிந்தன. வழக்குமன்றமும் வணிகமும் அலுவலும் ஆங்கிலமாயின.

பிறகு வந்தது பஞ்சம். 1845இல் தொடங்கி உருளைக்கிழங்குப் பயிரை ஒரு கொடிய நோய் அழித்தது. ஏழைகளுக்கு அதுவே உணவு. பிற தானியங்களோ அப்போதும் கப்பலேறிக்கொண்டிருந்தன. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதியே பெரிதும் அழிந்தது. 1841இல் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த தீவின் மக்கள்தொகை, 2021, 2022ஆம் ஆண்டுக் கணக்குகளிலும் 70 இலட்சத்தையொட்டியே நின்றது.

எனினும் பஞ்சம் மட்டுமே காரணம் அன்று. நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டனர். பிள்ளை ஐரிஷ் பேசும்போதெல்லாம் குச்சியில் ஒரு வெட்டு. வெட்டுகளை எண்ணி ஆசிரியர் தண்டிப்பார். வீட்டில் அவ்வெட்டை இட்டவர் யார்? பெற்ற தாய்தந்தையரே! அவர்கள் கொடியரல்லர். அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்ப் பிழைக்க வேண்டிய பிள்ளைக்கு ஆங்கிலமே சோறு போடும் என்று நம்பினர். ஆங்கிலத்தைச் சேர்ப்பதற்கு ஐரிஷை நீக்க வேண்டும் என்று எண்ணியதே பிழை. 1851இல் 15 இலட்சமாக இருந்த ஐரிஷ் பேசுவோர், 1891இல் ஏழு இலட்சத்திற்கும் குறைந்தனர்.

1893இல் டக்ளஸ் ஹைடு முதலியோர் கேலிக் கழகம் நிறுவி மொழியை மீட்க முனைந்தனர். 1916இல் டப்ளினில் புரட்சி மூண்டது. 1922இல் தீவின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றது. வடபகுதி பிரிட்டனோடு நின்றது. அங்கு நெடுநாள் நிகழ்ந்த பூசல் 1998 உடன்படிக்கையால் பெரிதும் தணிந்தது. 1937இல் இயற்றிய அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக்கிற்று. நம் இந்திய அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகளுக்கு முன்மாதிரியானதும் அவ்வமைப்பே. 1938இல் ஹைடே முதற் குடியரசுத் தலைவரானார்.

அரசு, பள்ளி, சட்டம் ஆகிய மூன்றும் துணை நின்றன. பயன் யாது? 2022ஆம் ஆண்டுக் கணக்கில், ஐரிஷ் பேச இயலும் என்றோர் ஏறத்தாழ 18.7 இலட்சம் பேர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோரோ 72,000 பேருக்கும் சற்றுக் குறைவே. பள்ளி மொழியைக் கற்பிக்கலாம். அதனை வாழவைப்பது அடுப்பங்கரையும் திண்ணையுமே.

பிழைப்பை நாடி வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வாழும் அன்பர்களே! இந்தியும் வங்கமும் மராத்தியும் ஆங்கிலமும் நம் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். அவை சோறு தரும். ஆயினும் இன்றிரவு உணவருந்தும்போது அவர்களோடு எம்மொழியில் பேசுகின்றோம் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். நம் பிள்ளையின் கழுத்தில் குச்சி எதுவும் தொங்கவில்லை. வெட்டு விழாமலும் மொழி நின்றுபோகக்கூடும்.