மதில் தரும் அச்சம்

பக்கத்து வீட்டார் மதிலை உயர்த்தினால் நாமும் உயர்த்துகிறோம். அதைக் கண்டு அவர் இன்னும் உயர்த்துகிறார். இருவரும் தேடியது பாதுகாப்பு, கிடைத்ததோ அச்சம். நாடுகளிடையே நிலவும் இந்நிலையை, ஜான் ஹெர்ஸ் என்ற அரசியல் அறிஞர் 1950ம் ஆண்டில் 'பாதுகாப்புச் சிக்கல்' என்று அழைத்தார்.

இச்சிக்கலின் ஆபத்தை உலகம் 1962ம் ஆண்டு அக்டோபரில் கண்டது. துருக்கியில் அமெரிக்காவின் அணு ஏவுகணைகள் இருந்தன. சோவியத் ஒன்றியமோ கியூபாவில் தன் ஏவுகணைகளை நிறுவியது. உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது. அம்மாதம் 25ம் தேதி, திருத்தந்தை 23ம் யோவான், அமைதிக்காகப் பேசுமாறு தலைவர்களிடம் வானொலி வழியாக மன்றாடினார். சில நாட்களில் உடன்பாடு பிறந்தது. இரு நாடுகளிலிருந்தும் ஏவுகணைகள் அகற்றப்பட்டன. 1963ம் ஆண்டில், வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தகவல் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது.

அதே ஆண்டு ஏப்ரல் 11ம் தேதி வெளியான 'அவனியில் அமைதி' என்ற சுற்றுமடலில், ஆயுதச் சமநிலையால் அல்ல, ஒருவர் மற்றவர்மீது கொள்ளும் நம்பிக்கையால்தான் அமைதி நிலைக்கும் என்று திருத்தந்தை கற்பித்தார்.

அணு ஆயுதங்களைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தைத் திருப்பீடம் 2017ம் ஆண்டிலேயே ஏற்றது. அது 2021ம் ஆண்டு சனவரி 22ம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆயினும், அணு ஆயுதம் வைத்துள்ள எந்த நாடும், நம் இந்தியா உட்பட, அதில் இணையவில்லை.

அரசுகள் அஞ்சுவது மக்களாகிய நாமும் அஞ்சுவதால்தானே? பகை நாடு என்று நாம் சொல்லும் மண்ணிலும் நம்மைப் போல் பிள்ளைகளை உறங்க வைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் இன்றிரவு செபிப்போமா?