ஆசனத்தின் முன் ஒரு திரை

பதுளையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பேருந்தில் வர ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து துபாய்க்குப் பறந்துசெல்லும் நேரமோ ஏறத்தாழ நாலரை மணிதான். லுணுகலையிலோ மடுல்சீமையிலோ ஒரு தோட்டத்து லயத்திலிருந்து புறப்படுபவர், தோட்டத்துப் பாதையில் நடந்து பெருந்தெருவை அடையும் நேரத்தையும் இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே, வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் ஊவாப் பெண்களுக்குப் பிரயாணத்தின் நீண்ட பகுதி தரையிலேயே கழிந்துவிடுகிறது. அந்தப் பகுதி பழகியது; அதன் வளைவும் சரிவும் தெரிந்தவை. பழகாதது, விமானத்தில் ஏறி அமர்ந்ததும் முகத்துக்கு நேரே ஒளிரும் சிறு திரை. அது யாது, எதற்காக அங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொள்வது நன்று.

முதலில் விமானத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ஸ்ரீலங்கன் விமான சேவை 2014 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஏர்பஸ் ஏ330-300 என்ற வகையின் முதல் விமானத்தைப் பெற்றது. அதன் நீளம் 63 மீற்றருக்கும் மேல். பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே வரிசையில் அமைந்த லயத்தைக் காட்டிலும் நீளமானது. உள்ளே 297 ஆசனங்கள். நடுவே இரண்டு நடைவழிகள். ஒவ்வோர் ஆசனத்துக்கும் தனித்தனியே ஒரு திரை உண்டு.

விமானம் ஏறக்குறைய 11,000 மீற்றர் உயரத்தில் பறக்கும். இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமான பீதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். அதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். அங்கே வெளிக்காற்றைச் சுவாசித்து மனிதன் உயிர்வாழ முடியாது. ஆதலால் உள்ளே காற்றை அழுத்திச் செலுத்துகிறார்கள். எனினும் கொழும்பின் கடற்கரைக் காற்றளவுக்கு அழுத்துவதில்லை. அவ்வாறு செய்தால் விமானத்தின் உடல் தாங்கவேண்டிய அழுத்தம் மிகுதியாகிவிடும். இரண்டாயிரம் மீற்றர் உயர மலையில் இருப்பது போன்ற காற்றே உள்ளே நிலவும். அதாவது, ஏறத்தாழ நுவரெலியாக் காற்று. ஹப்புத்தளைக்காரருக்கு இது புதிதன்று. பெரகலை இறக்கத்தில் பேருந்து இறங்கும்போது காது அடைத்துத் திறப்பது போலவே விமானம் தாழும்போதும் நிகழும். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும்.

இனித் திரைக்கு வருவோம். விமானப் பிரயாணிகளுக்குப் பொழுதுபோக்கு அளிக்கும் எண்ணம் விமானங்களைப் போலவே பழையது. 1925 ஆம் ஆண்டிலேயே இலண்டன் நகருக்கு மேலே பறந்த ஒரு விமானத்தில் மௌனப்படம் காட்டினார்கள். ஆனால் அது ஒரு வேடிக்கை முயற்சியாகவே நின்றது. ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 ஆம் தேதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு விட்ட முதல் விமானம் ஒரு டக்கோட்டா. அதில் பிரயாணிக்கு இருந்த பொழுதுபோக்கு சன்னல் ஒன்றே. 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. நிறுவனம் ஒழுங்காகத் திரைப்படம் காட்டத் தொடங்கியது. முன்புறம் ஒரு பொதுத்திரை. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்தாக வேண்டும்.

ஒலியைக் காதுக்குக் கொண்டுசென்ற விதம் வானொலி நேயர்களுக்குச் சுவையாக இருக்கும். 1960-களில் ஆசனத்தின் கைப்பிடிக்குள்ளே ஒரு சிறு ஒலிபெருக்கியை மறைத்துவைத்தார்கள். பிரயாணியின் காதிலோ மின்கருவி எதுவும் இல்லை. வைத்தியர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயைப் போன்ற உட்துளையுள்ள இரு குழாய்களே இருந்தன. அவற்றைக் கைப்பிடியில் உள்ள துவாரத்தில் செருகினால் ஒலி காற்றின் வழியே காதுக்கு ஏறும். மலிவானது, எளிதில் பழுதாகாதது. மின்சாரத்தால் இயங்கும் ஹெட்போன்கள் பின்னர் வந்தவை. ஆசனத்துக்கு ஒரு திரை என்ற ஏற்பாடு 1988 ஆம் ஆண்டில் நோர்த்வெஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் போயிங் 747 விமானத்தில் பரீட்சிக்கப்பட்டது. அன்றைய திரையின் அளவு உள்ளங்கையைவிடச் சிறிது.

இன்றைய ஏற்பாட்டில் விமானத்துள் ஓரிடத்தில் ஒரு பெரிய கணினி இருக்கிறது. படங்கள், பாடல்கள், விளையாட்டுகள் அனைத்தும் புறப்படுமுன்பே அதில் சேமித்துவைக்கப்பட்டவை. அங்கிருந்து தரையின் அடியால் ஓடும் கம்பிகள் ஒவ்வோர் ஆசனத்தையும் அடைகின்றன. விமானியோ பணிப்பெண்ணோ அறிவிப்புச் செய்யும்போது எல்லாத் திரைகளிலும் படம் தானாகவே நின்று, அறிவிப்பு மட்டும் கேட்கும். திரை பழுதாகிவிட்டதென்று அப்போது அஞ்ச வேண்டியதில்லை. தேசப்படமும் அதே திரையில் உண்டு. விமானத்தை வழிநடத்தும் கருவிகளிலிருந்தே உயரம், வேகம், வெளிவெப்பம் ஆகிய விவரங்கள் அதற்குக் கிடைக்கின்றன. வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகை என்று அது காட்டும்போது, உள்ளே கம்பளி போர்த்தியிருப்பவருக்கு நம்பக் கடினமாகத்தான் இருக்கும்.

ஆனால் இவை யாவும் ஒருபுறமிருக்க, முதன்முறை பறப்பவர் அறிந்திருக்க வேண்டியது வேறொன்று. பல விமானங்களில் பணிப்பெண்ணை அழைக்கும் மணியும், தலைக்கு மேலுள்ள விளக்கை ஏற்றும் விசையும் முன்போல் கூரையில் இல்லை. அவை இந்தத் திரைக்குள்ளே, அல்லது கைப்பிடியில் பொருந்திய சிறு கருவிக்குள்ளே புகுந்துவிட்டன. திரையை வெறும் சினிமா என்று ஒதுக்கிவிட்டவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கவும் வழியறியாமல் அமர்ந்திருக்க நேரிடும். ஆள் உருவம் வரைந்த குறியே அழைப்புமணி. விளக்கு உருவம் வரைந்த குறி விளக்கு. எழுத்து எந்த மொழியாயினும் இவ்விரு படங்களும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆசனப்பட்டியைக் கட்டுவது, அவசர வழி எங்கே என்பது போன்ற பாதுகாப்பு விளக்கமும் பல விமானங்களில் இதே திரையில்தான் வருகிறது. அது தெரியாத மொழியில் ஓடினாலும் படத்தைக் கவனித்துப் பார்த்தால் செய்முறை விளங்கும். தமிழில் அறிவிப்பு வரும் விமானத்தில் செவிசாய்ப்பது இன்னும் எளிது.

1985 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்குப் புறப்படுமுன் பயிற்சி அளிக்கிறது. சலவை இயந்திரம் முதலிய வீட்டுச் சாதனங்களைக் கையாள்வது அதில் ஒரு பாடம். அந்தச் சாதனங்களுக்கு முன்பே கைப்பட வேண்டிய சாதனம் இந்தத் திரையல்லவா? அதற்கென அரைமணி நேரம் ஒதுக்கினால் தவறாகாது.

இதற்கிடையே திரையே மறையத் தொடங்கியிருக்கிறது. முந்நூறு திரைகளும், அவற்றின் பெட்டிகளும், கம்பிகளும் கணிசமான பாரம். பாரம் கூடினால் எரிபொருள் கூடும். 2017 ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் புதிய போயிங் 737 விமானங்களில் ஆசனத்திரைகளைப் பொருத்துவதில்லை என்று அறிவித்தது. ஒற்றை நடைவழியுள்ள சிறிய விமானங்கள் பலவற்றில் இன்று இதுவே வழக்கம். படத்தைப் பிரயாணி தன் சொந்தக் கைத்தொலைபேசியில், விமானத்துள் இயங்கும் வைஃபை வழியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்துக்கு இது சிக்கனம். பொத்தான் வைத்த பழைய தொலைபேசியோடு பசறையிலிருந்து வரும் தாய்க்கு இதனால் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆனால் இத்தகைய விமானங்களில் அழைப்புமணி பழையபடி தலைக்கு மேலே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அழுத்தினால் சிறு விளக்கு எரியும், பணிப்பெண் வருவாள்.