உங்களுக்குத் தெரியுமா? நம் ஜன்னலும் சாவியும் கிறிஸ்தாங்கிலும் உண்டு

1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு, அவர்கள் பேச்சும் மலாயும் கலந்து உருவான மொழி கிறிஸ்தாங். ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சாவளியினரான யுரேஷியக் குடும்பங்களோடு அது சிங்கப்பூருக்கும் வந்தது. ஒரு மொழி மறைய வழிகள் பல. கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளின் தாய்மொழியை விடுதிப் பள்ளிகள் தண்டித்தே மறக்கவைத்தன. சிங்கப்பூரில் கிறிஸ்தாங் மறையப் பிரம்புக்கு அவ்வளவு வேலையில்லை. ஆங்கிலப் பள்ளியும் அலுவலக உத்தியோகமுமே போதுமாயின. பாட்டி பேசியது பேரன் வாய்க்கு வரவில்லை. பள்ளியில் அது தாய்மொழிப் பாடமும் அல்ல. 2016இல் ‘கோத்ரா கிறிஸ்தாங்’ குழு பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கியது. கோத்ரா என்றால் விழித்தெழுதல். மறு ஆண்டே மொழி விழாவும் நடந்தது. அந்த வகுப்பில் தமிழர் ஒருவர் உட்கார்ந்தால் பாதி வீடு புரிந்துவிடும்: ஜன்னல் ‘ஜனேலா’, மேசை ‘மெசா’, சாவி ‘சாபி’. மூன்றும் இரு மொழிக்கும் போர்ச்சுகீசியம் தந்தவை.